கொங்குப் பட்டறையும் குறி தவறாத குழலும்

பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஐந்து கிலோவை ஒட்டிய எடையுள்ள துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, நின்றபடியே அறுபது முறை அந்தப் புள்ளியைப் பார்த்துச் சுட வேண்டும். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி இவ்வளவுதான். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா நாட்டின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது இதில்தான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதிலேயே. ஆனால் நரங் வளர்ந்தது ஹைதராபாத்தில். இளவேனில் வளர்ந்தது அகமதாபாத்தில். உலகப் போட்டிகளில் நம் வீரர்கள் தோளில் சாய்க்கும் துப்பாக்கிகளோ பெரும்பாலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உருவானவை. வீரர் வெளியூரில் வளர வேண்டும், கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்ற இந்த நிலைக்குத் திறமைக் குறைவு காரணமே இல்லை. கருவியைப் பொறுத்தவரை, அதற்கு வேண்டிய கைத்திறன் கோயம்புத்தூரிலிருந்து காங்கேயம் வரை பட்டறை பட்டறையாக இருக்கிறது. இலக்குத் துப்பாக்கி செய்யும் தொழில், கடுமையான உரிமத்தின் கீழ், கொங்கு நாட்டுக்கு வர வேண்டும். வந்தால் விளையாட்டுக்கும் நல்லது, பட்டறைக்கும் நல்லது.

துல்லியத் துப்பாக்கி என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். சினிமாவில் காட்டும் துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏர் ரைஃபிளில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே முக்கால் மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக் கோட்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், அட்டையில் பெல்லட் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும். பெல்லட்டின் நடுப்புள்ளி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினாலே பத்து ஒன்பதாகிவிடும். ஆகவே சுடுபவரின் உடல் துளியும் திமிறாதபடி துப்பாக்கி அவர்மேல் பொருந்தி உட்கார வேண்டும். கழுத்து நீளமானவருக்குக் கன்னம் வைக்கும் பலகை உயர வேண்டும். கை குட்டையானவருக்குத் தோள்தட்டு முன்னால் வர வேண்டும். இடுப்பில் முழங்கையை ஊன்றி நிற்பவருக்கு எடை எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். விசை நூறு கிராமுக்கும் குறைவான அழுத்தத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விட வேண்டும். தோட்டாவிலும் இதே கதைதான். 50 மீட்டர் போட்டிக்கான .22 அங்குலத் தோட்டாவில் ஒரே பெயரில், ஒரே ஆலையில் செய்த இரண்டு தொகுதிகள் ஒரே குழலில் ஒரே மாதிரி போவதில்லை. அதனால் முன்னணி வீரர்கள் தங்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தோட்டா ஆலைக்கே போய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். இன்னாருக்கு என்று அளவெடுத்துச் செய்த துப்பாக்கி என்பது இங்கே பகட்டுக்கு அல்ல. போட்டியே அதைக் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழல் இருக்கிறது. நல்ல குழல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், இது எந்த ஊரின் வேலை என்பது தானாகப் புரியும். குரோம் மாலிப்டினம் கலந்த எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். நம் பட்டறைகளில் இ.என். 19 என்று சொல்லி வாங்கும் ரகத்துக்கு நிகரானது. முக்கால் மீட்டர் நீளமுள்ள அந்தக் கம்பியின் நடுவே, பென்சில் தடிமன்கூட இல்லாத துளையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோணாமல் போட வேண்டும். சாதாரண டிரில் பிட்டால் முடியாது. சில அங்குலம் போனதுமே அது ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிடும். இதற்கென்றே உள்ள பிட்டில் வெட்டும் விளிம்பு ஒன்றுதான். அதன் உடலுக்குள்ளேயே ஒரு துவாரம் ஓடும். அந்தத் துவாரம் வழியாக அதிக அழுத்தத்தில் எண்ணெய் பாய்ந்து, வெட்டிய சீவலைப் பக்கவாட்டுப் பள்ளத்தின் வழியே வெளியே அடித்துக்கொண்டு வரும். பிட் அசையாமல் நிற்க, கம்பி வேகமாகச் சுழலும். துளை போட்டபின் ரீமர் ஓட்டி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு டங்ஸ்டன் கார்பைடால் ஆன, வரிகள் செதுக்கிய சிறு குமிழ் ஒன்றை அந்தத் துளைக்குள் திருப்பிக்கொண்டே இழுக்கிறார்கள். அது போகிற வழியில் எஃகை நசுக்கிச் சுற்று வரிகளைப் பதித்துவிட்டுப் போகிறது. .22 குழலில் இந்த வரி வழக்கமாகப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு முறை முழுச் சுற்று சுற்றும். வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வினாடிக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல் சுழன்றபடி வெளியேறும். அந்தச் சுழற்சிதான் அதைப் புரளாமல் காக்கிறது.

அத்தோடு வேலை முடிவதில்லை. குமிழ் இழுத்ததால் எஃகுக்குள் இறுக்கம் ஏறியிருக்கும்; அதை உலையில் வைத்துப் பதமாகச் சூடேற்றித் தணிக்க வேண்டும். தணிக்காமல் விட்டால், வெளிப்புறத்தைக் கடைசல் பிடிக்கும்போது உள்துளை சில மைக்ரான் விரிந்துவிடும். கடைசியில் வருவது கைவேலை. ஒரு கோலின் நுனியைக் குழலுக்குள் நிறுத்தி, அதைச் சுற்றி உருக்கிய ஈயத்தை ஊற்றுகிறார்கள். ஈயம் அந்தக் குழலின் வரிகளையே அச்சாக எடுத்துக்கொண்டு இறுகும். அதில் மெல்லிய உரசு பசையைத் தடவி, முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான முறை இழுக்கிறார்கள். எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்பதை இழுப்பவரின் உள்ளங்கை சொல்லிவிடும். கருவி காட்டத் தயங்கும் மைக்ரான் வித்தியாசத்தைப் பழகிய கை கண்டுபிடிக்கும். உலகின் தலைசிறந்த குழல்களில் பலவற்றுக்கு இன்றும் இந்தக் கைவேலைதான் கடைசிக் கட்டம்.

இதைக் கேட்கும் கோவை டர்னருக்கோ ஃபிட்டருக்கோ அந்நியமான வேலை எதுவும் இதில் இல்லை. நூற்பாலையின் ரிங் ஃபிரேமில் ஓடும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதில் ஆட்டம் இருந்தால் நூல் அறுந்துபோகும். அந்த இயந்திரங்களை 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் கோவையிலேயே செய்து உலகத்துக்கு விற்றது, பிறகு சி.என்.சி. லேத்களையும் செய்தது. போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பின் நீண்ட ஷாஃப்ட் ஆகட்டும், காங்கேயத்து எண்ணெய் ஆலைகளின் எக்ஸ்பெல்லர் ஷாஃப்ட் ஆகட்டும், நீளமான ஒன்றைக் கோணாமல் கடைவது இந்த மண்ணின் அன்றாட வேலை. கோவையின் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் சக்கில் மாட்டிய பொருளின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்து, சுத்தியலால் மெல்லத் தட்டி மையத்துக்குக் கொண்டுவரும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், காங்கேயத்துக்கு வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு, எஃகு உலைகளோடு கல்மணிப் பட்டறைகளும் கிடைத்தன. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல் போன்ற கடினமான கற்களில் மெல்லிய துளையை நேராகப் போட்டு மணி கோத்தவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பட்டறைக்கும் இன்றைய பட்டறைக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்று நான் சொல்லவில்லை. உலையும் துளையிடும் கருவியும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

துப்பாக்கித் தொழிலும் இயந்திரத் தொழிலும் எப்போதுமே ஒன்றையொன்று வளர்த்தே வந்திருக்கின்றன. பீரங்கிக் குழலைத் துல்லியமாகக் குடைவதற்கு இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன் 1774இல் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்தத் திறமையை வைத்தே அவர் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் குடைந்து கொடுத்தார். அதுவரை வாட்டின் எஞ்சினில் நீராவி ஒழுகிக்கொண்டே இருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஜோசப் விட்வொர்த் வந்தார். லேத் வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் அறிந்த பெயர் இது. ஊருக்கு ஊர் ஒரு மரை என்று இருந்த காலத்தில், 1841இல் திருகு மரைக்குப் பொது அளவு வகுத்துக் கொடுத்தவர் அவர். 1850களில் பிரிட்டிஷ் அரசு அவரிடம் ராணுவத் துப்பாக்கிகளைச் செய்வதற்கான இயந்திரங்களைக் கேட்டது. ஒரே மாதிரி செய்த துப்பாக்கிகள் ஏன் வேறு வேறு மாதிரி சுடுகின்றன என்று தெரியாமல் இயந்திரம் செய்ய முடியாது என்றார் அவர். மான்செஸ்டரில் தன் வீட்டருகே ஐந்நூறு கஜ நீளத்தில் மூடிய கூடம் ஒன்றைக் கட்டிச் சோதனை நடத்தினார். அதிலிருந்து பிறந்தது அவருடைய அறுகோணக் குழல் ரைஃபிள். 1860இல் விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிச் சுடுதல் போட்டியை அந்த ரைஃபிளால் விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்தி வைத்திருந்த துப்பாக்கியின் குண்டு, 400 கஜத்துக்கு அப்பால் நடுமையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளி விழுந்தது. விலை அதிகம், குழலில் சீக்கிரம் கறை படிகிறது என்று ராணுவம் அதை ஏற்கவில்லை. ஆனால் துப்பாக்கி ஏன் குறி தவறுகிறது என்ற கேள்விக்கு அளவெடுத்துப் பதில் தேடலாம் என்பதை அவர் காட்டிவிட்டார்.

நம் காலத்திலும் இதுவே நடக்கிறது. ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃபில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் துப்பாக்கி செய்யத் தடை வந்தபோது, மவுசர் ஆலையின் பொறியாளர்கள் இருவர் நுண்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அந்தப் பட்டறையே போட்டிக்கான ஏர் ரைஃபிள் செய்யத் திரும்பியது. இன்று உலகம் அறிந்த ஃபைன்வெர்க்பாவ் அதுதான். பிரிட்டனில் மால்கம் கூப்பர் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் தொடர்ந்து தங்கம் வென்றவர். போட்டிக்குத் துப்பாக்கி செய்யும் அறிவை மூலதனமாக்கி அவரும் நண்பர்களும் 1978இல் தொடங்கிய சிறு நிறுவனம்தான் அக்குரசி இன்டர்நேஷனல். அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் குறிவீரர்களுக்கு அவர்களுடைய துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது. நம் நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. மும்பையின் பிரிசிஹோல் ஆழ்துளை போடும் இயந்திரங்களைச் செய்து வந்த குழுமம். அந்தத் திறமையை வைத்து ஏர் ரைஃபிள் செய்கிறது. பெங்களூரின் எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ், பல்லாண்டுகளாக ஸ்பிரிங் செய்து வந்த குடும்பத்திலிருந்து வந்தது, இன்று .308, .338 அளவுகளில் ஸ்னைப்பர் ரைஃபிள்கள் செய்கிறது. முன்னது துளை போட்டது, பின்னது ஸ்பிரிங் சுற்றியது. கோவையிடம் இந்த இரண்டோடு வார்ப்படமும் வெப்பப் பதமும் சி.என்.சி.யும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே நீலகிரியின் அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. திருச்சியில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது.

அப்படியிருந்தும் தொழில் இங்கே வரவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் குழல் ஒன்றைக் கடைந்து பார்த்தால் சிறைக்குப் போக வேண்டியதுதான். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டுமல்ல, அதன் பாகங்களையும், அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் ஆயுதம் என்றே கணக்கில் கொள்கிறது. செய்வதற்கு மட்டுமல்லாமல் பழுது பார்க்கவும் சோதித்துப் பார்க்கவும் உரிமம் வேண்டும். 2019இல் வந்த திருத்தம், உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று ஆக்கியது. அதை நான் குறை சொல்லவில்லை. கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளின் கொடுமையைப் பார்த்த நாடு இது. 2016இன் ஆயுத விதிகள் உரிமம் பெற்றுத் தனியார் துப்பாக்கி செய்வதற்கான வழியையும் தெளிவாக்கியிருக்கின்றன. ஆனால் அந்த வழியில் நடக்கக் கூடியவை ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் ஆயிரக்கணக்கில் விற்கும் கனவோடு வரும் பெரிய நிறுவனங்கள்தான். ஆண்டுக்கு ஐம்பது துப்பாக்கி செய்யும் நால்வர் பட்டறை ஒன்றை மனத்தில் வைத்து எழுதிய நடைமுறை எதுவும் இல்லை. ஓபெர்ன்டார்ஃபிலும் கூப்பரின் போர்ட்ஸ்மவுத்திலும் துல்லியம் பிறந்தது அப்படிப்பட்ட சின்னப் பட்டறையில்தான்.

வைத்திருப்பவர் பக்கமும் பாதை நீளம்தான். காங்கேயத்தில் ஒருவர் .22 ரைஃபிள் வாங்க வேண்டுமானால், திருப்பூர் மாவட்ட ஆட்சியருக்கு மனுப் போட வேண்டும். காவல்துறை விசாரிக்கும். உடல்நலம், மனநலம் பற்றி மருத்துவர் சான்று தர வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்று வேண்டும். வீட்டில் எங்கே பூட்டி வைப்பார் என்பதைக் காட்ட வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. தேர்ந்த போட்டியாளர்களுக்கு மட்டும் கூடுதலாக அனுமதி உண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வாய்ப்பு 1980களின் நடுவிலிருந்து சாதாரணக் குடிமக்களுக்கு அடைபட்டுவிட்டது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற போட்டியாளர்களுக்கே அது திறந்திருக்கிறது. இதில் ஒரு முடிச்சு விழுகிறது. நல்ல கருவி வேண்டுமானால் முதலில் தேர்ந்த வீரராக வேண்டும். தேர்ந்த வீரராவதற்கு நல்ல கருவி வேண்டும். உள்ளூரில் செய்யும் பட்டறை இருந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். ஏர் ரைஃபிளின் நிலை மட்டும் சற்று எளிது. 4.5 மில்லிமீட்டர் துளைக்கு மிகாமல், 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்டிருந்தால் அதை வாங்கி வைத்திருக்க உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிளின் பெல்லட் எட்டு ஜூல் அளவில்தான் வெளியேறும்.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு துப்பாக்கி வந்தால், அது ஒரு நாள் மனிதர்மேல் திரும்பும் என்பார்கள். இது கற்பனைப் பயம் இல்லை. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவன், சட்டப்படி வைத்திருந்த கைத்துப்பாக்கிகளோடு வந்தவன். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் சுடுதல் கிளப்பில் உறுப்பினராக இருந்ததைக் காட்டியே கைத்துப்பாக்கி பெற்றான். இந்தியாவில் துப்பாக்கிக் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமில்லாத துப்பாக்கிகளால் நடக்கின்றன என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. ஆனாலும் அதை மட்டும் சொல்லி இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. சாதிப் பெருமைக்கும் அந்தஸ்துக்கும் இடுப்பில் துப்பாக்கி வேண்டும் என்று நினைப்பவர்கள் நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டன் என்ன செய்தது என்பதில் பதில் இருக்கிறது. 1997இல் கைத்துப்பாக்கிகளைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடை செய்தது. ஒற்றைத் தோட்டா இலக்கு ரைஃபிளை உரிமத்தின் கீழ் விட்டு வைத்தது. பிஸ்லியில் 1890இலிருந்து நடக்கும் போட்டிகள் நிற்கவில்லை. எந்தத் துப்பாக்கி, யார் கையில், எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்த சட்டம் அது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமாய், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போட வேண்டிய ரைஃபிளை யாரும் சட்டைக்குள் ஒளித்துப் போக முடியாது. அதற்கும் மேலே ஒரு படி போகலாம்: .22 ரைஃபிள்கள் வீட்டுக்குப் போகவே வேண்டாம், சுடுதளத்தின் பாதுகாப்பு அறையிலேயே இருக்கட்டும் என்று விதிக்கலாம். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதற்கு நம் மக்கள் ஏற்கெனவே பழகியவர்கள்தான்.

ஜப்பானையும் பாருங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்மேல் உலகிலேயே மிகக் கடுமையான சட்டம் உள்ள நாடுகளில் ஒன்று அது. அங்கேதான் கோச்சி மாவட்டத்தில் மிரோக்கு நிறுவனம் அமெரிக்காவின் பிரவுனிங் பெயரில் விற்கும் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்கிறது. அதே குழுமம் ஆழ்துளை போடும் இயந்திரங்களையும் செய்து விற்கிறது. வைத்திருப்பவரிடம் கண்டிப்பு, செய்பவருக்குக் கதவு என்ற இரண்டும் ஒரே நாட்டில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு மறுப்பை நான் பாதிக்குமேல் ஒப்புக்கொள்கிறேன். உரிமம் வேண்டாத ஏர் ரைஃபிள் பறவைகளையும் முயலையும் கொல்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021இல் அரசே மக்களிடம் ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி இயக்கம் நடத்த வேண்டி வந்தது. மயிலும் கவுதாரியும் காட்டுக்குக் காடு திரியும் நம் ஊரில் இந்தக் கவலை நியாயமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட முடியாது. கடையில் காசு கொடுத்தால் யாருக்கும் ஏர் ரைஃபிள் என்ற நிலை மாறி, சுடுதல் கிளப்பில் பதிந்தவருக்கே விற்பனை என்று ஆவதை நான் வரவேற்பேன். விளையாட்டு அதனால் நலியாது. போட்டிக்குச் சுடுபவர் எப்படியும் கிளப்பில்தான் சுடுகிறார்.

பணக்காரர் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு வாதாட வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. இன்று அது பெரும்பாலும் பணக்காரர் விளையாட்டாக இருப்பது உண்மை. சட்டத்துக்கு அடுத்தபடியாக அதற்குக் காரணம் இறக்குமதிதான்: போட்டித் தரத்து ரைஃபிள் ஒன்றுக்கும், அதற்கேற்ற உடைக்கும், ஆண்டு முழுவதும் சுடும் தோட்டாவுக்கும் லட்சங்கள் ஆகின்றன. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளி எடுத்து வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கோல்ஹாப்பூர்ப் பக்கம் கம்பள்வாடி என்ற கிராமத்துக்காரர். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். அவரோ அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2010இல் மியூனிக்கில் 50 மீட்டர் ரைஃபிளில் உலகச் சாம்பியனான தேஜஸ்வினி சாவந்தும் அதே கோல்ஹாப்பூர்தான். வெல்லத்துக்கும் வார்ப்படத்துக்கும் பேர் வாங்கிய ஊர் அது. நம் கொங்கைப் போலவே ஒரு கையில் கரும்பும் மறு கையில் இரும்பும் உள்ள ஊர். அங்கே முன்னால் வென்றவர்களைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். நம்மிடம் அந்தத் தொடக்கம் இன்னும் வரவில்லை. உள்ளூர்ப் பட்டறையில் செய்த கட்டையும் விசையும் குழலும் கிடைத்தால், விலை குறைவதோடு இன்னொன்றும் நடக்கும். மாணவிக்குத் தோள்தட்டு ஒரு சென்டிமீட்டர் நீளம் என்றால், அன்று மாலையே பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

எத்தனை துப்பாக்கி விற்கும், அதை நம்பி யார் முதல் போடுவார்கள் என்று வியாபாரிகள் கேட்பார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது சிறிய சந்தைதான். ஆனால் ஆழ்துளை போடக் கற்ற பட்டறைக்கு ஹைட்ராலிக் சிலிண்டர், டீசல் இன்ஜெக்டர், எலும்பு அறுவைக்கான துளையிட்ட திருகு என்று வேறு வேலைகள் வந்து சேரும். நாட்டுத் தேவையும் இருக்கிறது. நம் ராணுவம் 2019இல் எல்லைக் கோட்டுக்காக இத்தாலியின் பெரெட்டாவையும் அமெரிக்காவின் பாரெட்டையும், பிறகு பின்லாந்தின் சாக்கோவையும் ஸ்னைப்பர் ரைஃபிளுக்காக நாடியது. ஆயிரம் மீட்டருக்கு அப்பால் குறி தவறாமல் சுடும் குழலைச் செய்யும் அறிவு திடீரென்று ஓர் ஆணையில் வருவதில்லை. பல பத்தாண்டுகள் போட்டி வீரர்களின் புகார்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்திய பட்டறைகளில்தான் அது சேர்ந்திருக்கிறது. பிரிட்டனுக்கு அதைக் கொடுத்தது ஓர் ஒலிம்பிக் வீரரின் பட்டறை. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனையம். சூலூர் அருகே வாரப்பட்டியில் அதற்கென்று தொழிற்பூங்கா அறிவித்திருக்கிறார்கள். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவில் பாதுகாப்புத் துறைக்கான புத்தாக்க மையம் இருக்கிறது. அங்கெல்லாம் டிரோனைப் பற்றியும் விமான உதிரிபாகங்களைப் பற்றியும் பேசுகிறார்கள், நல்லது. ஆனால் இந்த ஊரின் கைக்கு மிக நெருக்கமான பொருள் அந்தப் பேச்சில் காணவில்லை.

எனவே கேட்பது பெரிய காரியம் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரு சுடுதளம். அதை ஒட்டி, காவல்துறையின் நேரடிக் கண்காணிப்பில், ஒவ்வொரு குழலுக்கும் எண் பொறித்துக் கணக்கு எழுதும் உரிமப் பட்டறை ஒன்று. முதலில் பள்ளி மாணவர்களுக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அது போட்டித் தரத்துக்கு வந்தபின் .22 குழல். மத்திய உள்துறை இப்படிச் சிறு பட்டறைகளுக்கென்று தனி உரிம வகையை வகுக்க வேண்டும். மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முதல் நூறு துப்பாக்கிகளை வாங்கிக்கொள்வதாக உறுதி தர வேண்டும். கொடிசியாவும் மாவட்டத் தொழில் சங்கங்களும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுப்பதற்கு அரசிடம் நல்ல காரணம் இருக்காது. முதல் மனு கொங்கு நாட்டிலிருந்து போகட்டும்.